ஷீட்டு கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு மூச்சு வாங்கினால்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் நம் பக்கத்து ஆண்கள் நிறையப் பேர் வெளியூர் வேலைக்குப் போனார்கள். அதில் சிலர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்யும் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். சிலர் ஆலை பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் காப்பு சுற்றும் காண்டிராக்ட் வேலைக்கும், சிலர் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கும் போனார்கள். இப்போது அவர்களுக்கு அறுபது, எழுபது வயது. வரப்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கிறது. வீட்டில் 'பீடி குடிச்சது, வேற என்ன' என்கிறார்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருடைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் அலைந்தவன் நான். ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்குச் சட்டத்தில் நஷ்ட ஈடு உண்டு. அது கிடைப்பதும் கிடைக்காததும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: இந்த நோய் இந்த வேலையால் வந்தது என்று சொல்லும் காகிதம் உங்களிடம் இருக்கிறதா? ஆள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் காகிதத்தை உருவாக்கிவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைகள்தான்.

1. உங்கள் வீட்டுக்காரர் இதில் வருகிறாரா என்று பாருங்கள்

சட்டம் ஏற்கும் முக்கிய நோய்கள் மூன்று. ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது. மற்ற இரண்டும் புற்றுநோய்: ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா. மூன்றும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன.

தூசி உள்ளே போன உடனே நோய் வராது. ஆஸ்பெஸ்டோசிஸ் பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். மீசோதீலியோமாவுக்கு முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். ஆகவே 'அந்த வேலையை விட்டே இருபது வருஷம் ஆச்சே' என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். இந்த நோயின் நடையே அப்படித்தான்.

ஷீட் வீட்டில் குடியிருந்ததற்காக யாரும் நஷ்ட ஈடு கேட்க முடியாது. உடையாத, அறுக்காத கூரைக்கு அடியில் படுத்துத் தூங்கியதற்காகப் பதறவும் வேண்டாம். இந்தக் கட்டுரை அந்தத் தூசியில் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கானது.

2. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வேலைக் கதையை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். 'எங்க வேலை பாத்தீங்க' என்று கேட்டால் கம்பெனி பேரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். 'காலையில ஷெட்டுக்குள்ள போனதும் மொதல்ல என்ன செய்வீங்க பெரியப்பா' என்று கேட்டேன். அதற்கப்புறம் அவரே பேசினார். சாக்கு மூட்டையைக் கத்தியால் கிழிப்பார்களாம். உள்ளே இருப்பதை அவர்கள் பஞ்சு என்றுதான் சொல்வார்கள். அதைக் கையால் அள்ளித் தொட்டியில் கொட்டிவிட்டு, காலிச் சாக்கைத் தூணில் நாலு அடி அடித்து உதறி அடுக்குவார்களாம். சாக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மேஸ்திரி விடுவார். ஷிப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயை வைத்து ஒருவர் சட்டையை ஒருவர் ஊதிவிட்டுக்கொள்வார்களாம். முகத்துக்குக் கட்ட என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். 'நம்ம துண்டுதான்' என்றார்.

இந்த மாதிரி விவரம்தான் டாக்டருக்கும் வேண்டும், பின்னால் அதிகாரிக்கும் வேண்டும். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவு, யார் மேஸ்திரி, யார் காண்டிராக்டர், கூட வேலை பார்த்தவர்கள் யார், எல்லாவற்றையும் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் 'மூத்தவள் பிறந்த வருஷம்', 'எம்.ஜி.ஆர். இறந்தபோது' என்று பிடித்து வருடத்தை உறுதி செய்யலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்று வரும் ஆபத்து பல மடங்காகிறது. பீடி குடித்ததால் உரிமை போய்விடாது. மறைத்தது பிற்பாடு தெரிந்தால்தான் கேஸ் ஆட்டம் காணும்.

இந்தக் கதையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, கையெழுத்து வாங்கி, பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டாக்டரிடமும் ஒன்றை நீட்டுங்கள்.

3. சரியான டாக்டர், சரியான பரிசோதனை

உள்ளூர் டாக்டரிடம் தொடங்குவதில் தப்பில்லை, அங்கேயே நின்றுவிடக் கூடாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. புற்று சந்தேகம் இருந்தால் புதுச்சேரி ஜிப்மர் நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த வழியில் இருக்கும் பெரிய பள்ளம் டிபி. இருமல், இளைப்பு, உடம்பு மெலிவு என்று போனால் முதலில் டிபி என்றுதான் பார்ப்பார்கள். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் 'எதுக்கும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிடட்டும்' என்று ஆரம்பித்து, தணியவில்லை என்று மறுபடியும் ஆரம்பித்து, அதிலேயே வருடம் ஓடிவிடுகிறது. சளியில் ஒன்றும் இல்லை என்றால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, வேலைக் கதைத் தாளையும் வைத்து, 'இது தூசியால வந்ததா இருக்குமா, பாருங்க சார்' என்று கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அந்தப் பேச்சு எழவே எழாது.

ஒரு பக்க நெஞ்சில் மட்டும் திரும்பத் திரும்ப நீர் கோத்தால் கூடுதல் கவனம் வேண்டும். நீரை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மீசோதீலியோமாவா என்று தெரிய உறையிலிருந்து சதை எடுத்துப் பயாப்சி செய்து, இம்யூனோ என்று சுருக்கமாகச் சொல்லும் சாயப் பரிசோதனையும் செய்ய வேண்டும். சதையைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டியை 'பிளாக்' என்பார்கள். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்திரமாக வைக்கும்படி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்கவும், வழக்கில் தகராறு வந்தால் மறுபடி பார்க்கவும் அதுதான் கைகொடுக்கும்.

கேட்டு வாங்க வேண்டியவை:

மார்பு எக்ஸ்ரே. முடிந்தால் தூசி நோய்களுக்கான ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) வகைப்பாட்டின்படி படித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லா டாக்டருக்கும் இதில் பழக்கம் இருக்காது.

ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன். சாதா எக்ஸ்ரேயில் தெரியாத தழும்பும் உறையில் படிந்த சுண்ணாம்புத் தகடுகளும் இதில் தெரியும். அரசு மருத்துவமனையில் 500 ரூபாய் அளவில் முடியும். காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் இல்லை. தனியாரில் மூவாயிரம், ஐந்தாயிரம் என்று போகும். ஃபிலிமையும் சி.டி.யையும் ரிப்போர்ட்டோடு வாங்கிவிடுங்கள்.

நுரையீரல் திறன் பரிசோதனை. வெறும் ஊதும் சோதனையோடு விடாமல், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு போகிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ. என்ற அளவும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எவ்வளவு உழைக்கும் திறன் போய்விட்டது என்று பின்னால் சதவீதம் போடும்போது இந்த எண்கள்தான் பேசும்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போனால் முடிந்துவிடும். நோயாளி படுத்துக்கொண்ட பிறகு இதற்கு ஓடாமல் இப்போதே செய்யுங்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் அந்தத் தாளில் 'ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் இத்தனை வருடம் வேலை செய்தவர்' என்ற வரி இருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் திரும்பிப் போய்ப் பணிவாகக் கேளுங்கள். 'நுரையீரல் தழும்பு' என்று மட்டும் எழுதிய சம்மரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதற்காக ஒரு இளம் டாக்டர் எரிந்துதான் விழுந்தார். விழட்டும், எழுதிக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் கேளுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்த, அல்லது செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் போன்ற நோய் இருப்பதாக நினைக்கும் டாக்டர், தொழிற்சாலை ஆய்வுத் துறைத் தலைமைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொழிற்சாலைச் சட்டம் 1948-ன் 89-ஆம் பிரிவு அதைச் சொன்னது. இப்போது வந்திருக்கும் தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கடமை உண்டு. பல டாக்டர்களுக்கு இது நினைவிலேயே இருப்பதில்லை. ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, டாக்டர் அனுப்பியதும் அதன் நகலை வாங்கி வையுங்கள்.

4. வேலை பார்த்ததற்கான காகிதங்கள்

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, கேட் பாஸ், சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, யூனியன் ரசீது, கணக்கு முடித்த கடிதம், ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் எடுத்த குரூப் போட்டோ, எதையும் தள்ளாதீர்கள்.

எதுவுமே இல்லை என்றால் பி.எஃப். தான் முதல் வழி. எந்த நிறுவனத்தின் கோடு எண்ணில் எந்த மாதம் பணம் கட்டினார்கள் என்பது அங்கே இருக்கும். பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் என்றால் பென்ஷன் ஆணையிலேயே விவரம் உண்டு. யு.ஏ.என். என்ற பொது பி.எஃப். எண் வருவதற்கு முந்தைய கணக்கு என்றால் ஆன்லைனில் கிடைக்காது. பி.எஃப். அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். தனியார் கம்பெனியிடம் நேராகக் கேட்க முடியாது. ஆனால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், இ.எஸ்.ஐ., பி.எஃப். மூன்றிடமும் கேட்கலாம். மாநிலத் துறைக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த ஆலைக்கு எந்த வருடங்களில் உரிமம் இருந்தது, தூசி அளவு எடுத்த அறிக்கைகள், தொழிலாளர் மருத்துவப் பரிசோதனைப் பதிவுகள் இவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். 'எல்லா விவரமும் தேவை' என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும்.

'ரெக்கார்டெல்லாம் அழிச்சாச்சு' என்று கம்பெனி சொல்லும். அதற்குப் பதில் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று வந்த தீர்ப்பின்படி, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும். நோட்டீஸில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். பதிவு இல்லை என்று அவர்கள் சொன்னால் அந்தப் பதிலும் உங்களுக்குச் சாதகமான காகிதம்தான்.

காண்டிராக்டர் கையில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காகிதமும் இருக்காது. கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேரிடம் 200 ரூபாய் முத்திரைத் தாளில் பிரமாண வாக்குமூலம் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். நோட்டரிக்குச் சில நூறு ஆகும். அவர்களும் அதே தூசியைத் தின்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம். தள்ளிப்போட்டால் சாட்சி இருக்க மாட்டார். நடவு, அறுப்புக் காலத்தில் யாரையும் பிடிக்க முடியாது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால், சித்திரை வைகாசியில் இதை முடித்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம்தான். இங்கே கேட்க முடியாது. பழைய பாஸ்போர்ட்டுகளையும் பெர்மிட் அட்டையையும் எடுத்துக்கொண்டு அங்கே இருக்கும் சொந்தக்காரர் மூலம் உடனே விசாரியுங்கள். காலவரம்பு அங்கே கறாராக இருக்கும்.

5. எந்தக் கதவைத் தட்டுவது

இதில் தப்பினால் வருடங்கள் வீணாகும். இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று திறந்தால் மற்றது மூடிவிடும்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் அதே நோய்க்கு முதலாளியிடம் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி கேட்க முடியாது. தொழில்சார் நோய் என்று மனுக் கொடுத்தால் மருத்துவ வாரியம் பார்த்து, உழைக்கும் திறன் இழப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும். அதற்கேற்ப மாதாமாதம் பணம் வரும். இறந்துவிட்டால் சார்ந்திருப்போருக்கான உதவியும் உண்டு. 'ரிடையர் ஆகிட்டீங்க, ஒண்ணும் கிடையாது' என்று கவுண்டரில் வாயால் சொல்வார்கள். மனுவைக் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், மறுப்பதானால் எழுத்தில் மறுக்கட்டும். அந்த மறுப்புக் கடிதம் இருந்தால்தான் மேலே போக வழி.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923. மனுவை ஆலை இருக்கும் ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான அதிகாரியிடமே கொடுக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. டெல்டாக்காரர்கள் திருச்சியில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில், தங்கள் தாலுகா எந்த அதிகாரியிடம் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காண்டிராக்டர் காணாமல் போயிருந்தால் வேலை நடந்த ஆலையையே எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். காண்டிராக்ட் தொழிலாளிக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு.

ஒரு புதுச் சிக்கல். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, மேலே சொன்ன 1923 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. நோய்ப் பட்டியலும் கணக்குப் போடும் முறையும் அடிப்படையில் அப்படியே தொடர்கின்றன. ஆனால் படிவமும் அதிகாரியின் பெயரும் பிரிவு எண்ணும் மாறும். உங்கள் நோய் எந்தத் தேதியில் தெரிந்தது என்பதைப் பொறுத்து எது பொருந்தும் என்று வக்கீல் சொல்வார். சந்தேகம் இருந்தால் மனுவில் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

6. எவ்வளவு வரும்

இது இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கான கணக்கு. நிரந்தர முழு இயலாமைக்கு: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் × வயதுக்கான காரணி. இறப்புக்கு: 50 சதவீதம் × காரணி. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020 ஜனவரி 3 முதல் உச்சவரம்பு 15,000 ரூபாய். காரணி 60 வயதுக்கு 117.41, 65-க்கும் அதற்கு மேலும் 99.37.

15,000 சம்பளக் கணக்கில் 60 வயதுக்காரருக்கு முழு இயலாமை என்றால் 9,000 × 117.41, அதாவது 10,56,690 ரூபாய். 40 சதவீத இழப்பு என்று டாக்டர் சான்று கொடுத்தால் அதில் 40 சதவீதம், 4,22,676 ரூபாய்.

நம் ஆட்களில் பலர் எப்போதோ சொற்பச் சம்பளத்தில் வேலையை விட்டவர்கள். 1,800 ரூபாய் சம்பளத்தை வைத்து 65 வயதுக்குப் போட்டால் 1,07,000 சொச்சம்தான் வரும். அங்கே குறைந்தபட்சத் தொகை காப்பாற்றும்: முழு இயலாமைக்கு 1,40,000, இறப்புக்கு 1,20,000. இது போதாது என்பது என் கருத்து. ஆனால் கையில் வரும் தொகை எது என்று முன்பே தெரிந்திருந்தால், அதில் பாதியைக் கேட்கும் புரோக்கரிடம் மாட்ட மாட்டீர்கள். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இரண்டையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

7. நோட்டீஸ், மனு, வாய்தா

முதலில் முதலாளிக்கு நோட்டீஸ். பெயர், வேலை, காலம், நோய், எந்தத் தேதியில் எந்த ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள், என்ன கேட்கிறீர்கள், அவ்வளவு போதும். பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

மனுவுக்குப் பொதுக் காலவரம்பு 2 வருடம். நோய் விஷயத்தில் அந்த 2 வருடம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் எதிர்த்தரப்பு சண்டை போடும். வேலையை விட்ட பிறகு வந்த நோய்க்கும் வழி உண்டு, ஆனால் வேலையால்தான் வந்தது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. சரியான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்த பழைய சீட்டுகள் இங்கேதான் பயன்படும். நோயே தெரியாமல் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. எப்படியும், நோய் பெயரோடு தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு உள்ளே போய்விட்டால் உங்களுக்கு நிம்மதி.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். போனில் என்றால் 15100. தனியார் வக்கீல் வைத்தால் கட்டணத்தை முன்பே எழுத்தில் பேசுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புப் பணம் தொழிலாளியின் அல்லது விதவையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

மனுப் போனதும் கம்பெனி ஆள் ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கு வரக்கூடும். 'ஐம்பதாயிரம் வச்சுக்குங்க, இதுல ஒரு கையெழுத்து' என்பார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறப்புக் கேஸில் அதிகாரியிடம் கட்டாமல் நேராகக் கொடுக்கும் பணத்தை இழப்பீடாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால்கூட எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள், வக்கீலிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வருடம் தாண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நோயாளியின் வாக்குமூலத்தை முதல் வாய்தாக்களிலேயே பதியச் சொல்லி மனுப்போடுங்கள். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே அது பதிவாக வேண்டும். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் தொகையைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கேஸ்கள் சென்னைக்குப் போகின்றன. ஆகவே எந்த ஊர் முகவரி போட்டு மனுக் கொடுக்கிறோம் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

8. ஆள் தவறிவிட்டால்

சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கேதான் பல குடும்பங்கள் கோட்டைவிடுகின்றன. வீட்டில் இறந்தால் 'வயசாயிடுச்சு', 'மாரடைப்பு' என்று பதிந்துவிடுகிறார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்குங்கள். வீட்டில் நடந்த மரணத்துக்குப் படிவம் 4ஏ, ஆஸ்பத்திரியில் என்றால் படிவம் 4. நோயின் பெயர் அதில் இருக்க வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

பயாப்சி செய்யாமலே இறந்துவிட்டார், வழக்கும் நடக்கிறது என்றால் பிரேதப் பரிசோதனை பற்றி டாக்டரிடமும் வக்கீலிடமும் உடனே பேசுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வற்புறுத்தச் சொல்லவில்லை. எரித்த பிறகு கேட்கவே முடியாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வாரிசுச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய். இழப்பீட்டில் முதல் உரிமை மனைவி, மைனர் பிள்ளைகள், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோருக்கு. சம்பாதிக்கும் வயதுவந்த மகன்கள் பங்கு கேட்டு மனுவில் நுழைந்து குழப்ப வேண்டாம்.

9. ஊரில் மற்றவர்களுக்கு

ஒரு கம்பெனிக்கு ஒரு ஊரிலிருந்து ஒருவர் மட்டும் போயிருக்க மாட்டார். மச்சான், பங்காளி என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். பலர் சேர்ந்து போனால் ஒருவருக்கு ஒருவர் சாட்சி ஆகலாம், ஆஸ்பத்திரியிலும் பேச்சுக்கு எடை கூடும். அவர்கள் வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். தூசி படிந்த காக்கிச் சட்டையை வருடக்கணக்கில் உதறித் துவைத்தவர்களுக்கும் மீசோதீலியோமா வரக்கூடும். அவர்கள் ஊழியர் இல்லை என்பதால் இந்தச் சட்டத்தில் பணம் கிடையாது. ஆனால் டாக்டரிடம் அந்தத் துவைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

கூரை வேலை செய்யும் கொத்தனார், தச்சர்களிடம் பேசுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை உடைந்த ஷீட்டுகளை வெறுங்கையால் அள்ளினோம், ஜல்லிக்குப் பதில் மாட்டுக் கொட்டகைத் தரையில் நொறுக்கிப் போட்டோம். ஷீட்டை மெஷின் வைத்து அறுக்கக் கூடாது, உடைந்ததைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் எடுக்க வேண்டும், உலர்ந்த தூளை விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, துணி முகக்கவசம் இதற்குப் போதாது. அடுத்த புயலுக்கு முன்னால் இவ்வளவாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மே 1 கிராம சபைக்குப் போங்கள். 'எங்கள் ஊராட்சியில் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்து திரும்பியவர்கள் இத்தனை பேர். அவர்களுக்கு நெஞ்சகப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும்' என்று ஒரு தீர்மானம். பெயர்ப் பட்டியலை அதோடு இணையுங்கள். தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்தோடு வாங்கி, அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு பிரதி, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். மனு ரசீது எண்ணைப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.